ஏரியைச் சுற்றிப் பெண் பார்த்தார்கள்

ஏரிக்காட்டு நுழைவாயிலை ஒட்டிய கழிப்பறையின் ஈரத் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, ஏஞ்சலம்மாள் மகளின் இடது செருப்பு வாரை இன்னும் ஒரு துளை உள்ளே இழுத்துப் பூட்டினாள். ஷைனி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றாள்.

"ரொம்ப இறுக்குதும்மா."

"இறுக்கட்டும். லூசா இருந்தாத்தான் பெரண்டு காட்டிக் குடுக்கும்."

புதுச் செருப்பு. தாராவியில் இவர்களுக்கு அடுத்த சந்தில் தோல் பட்டறை வைத்திருக்கும் பேச்சிராஜாவிடம் சொல்லிச் செய்தது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே ஜோடிதான். இடது செருப்பில் மட்டும், பாதம் படுகிற இடத்துக்கு அடியில் ஒரு விரல் தடிமனுக்குக் கார்க் வைத்து, மேலே தோலை இழுத்து ஒட்டியிருந்தான். மூன்று மழைக்காலத்துக்கு முன்னால், வேலைக்குப் போகிற அவசரத்தில் ஓடுகிற லோக்கல் ரயிலிலிருந்து கூட்டம் தள்ளி ஷைனி விழுந்தாள். காலுக்குள் கம்பி வைத்தார்கள். எலும்பு சேர்ந்தது, ஆனால் கொஞ்சம் குட்டையாகச் சேர்ந்தது. சமதரையில் நாலு எட்டு நடந்தால் யாருக்கும் தெரியாது. அதிகம் நடந்தால் கணுக்கால் வீங்கி உடம்பு ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வை மறைக்கத்தான் இந்தக் கார்க். சபைக் கோயிலின் மொசைக் தரையில், ஆராதனை இல்லாத நேரம் பார்த்து, வாசலிலிருந்து ஆல்டர் வரைக்கும் அம்மாவும் மகளும் நடந்து நடந்து ஒத்திகை பார்த்தார்கள். கர்த்தர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அவரும் வாயைத் திறக்கவில்லை.

ஏஞ்சலம்மாள் பொய்க்காரி இல்லை. ஆண்டாப் ஹில் பள்ளிக்கூடமொன்றில் ஆயா வேலை பார்க்கிறவள், பிள்ளைகள் தொலைத்த ரப்பரைக்கூட எடுத்து வைத்துக் கூப்பிட்டுக் கொடுக்கிறவள். ஷைனிக்கு வந்த முதல் இரண்டு சம்பந்தத்திலும் காலைப் பற்றி முதலிலேயே சொன்னாள். முதல் வீட்டார் "ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதோம்" என்றார்கள். இன்றைக்கும் ஜெபம் பண்ணிக்கொண்டேதான் இருக்கிறார்கள். இரண்டாவது வீட்டு மாமியார் போனிலேயே கேட்டாள், உங்க பிள்ளையால கக்கூசுல குத்த வச்சு உக்கார முடியுமா என்று. போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஷைனி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஏஞ்சலம்மாள் முடிவு பண்ணினாள், இனி உண்மையைச் சொல்லுவதில்லை என்று. பிள்ளைக்கு வயது முப்பத்திரண்டு. அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான். தனக்கும் ஒன்று ஆகிவிட்டால் இந்தப் பிள்ளை அந்த ஒற்றை அறையில் யாரோடு இருக்கும் என்கிற கேள்வி அவளை விழுங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவதாக வந்ததுதான் டென்சில். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று, சபையில் கல்யாணத் தரகு பார்க்கும் அமிர்தநாதன் கொண்டுவந்த இடம். செம்பூர் திலக் நகரில் சொந்த ஃபிளாட், ஏர்போர்ட் கார்கோவில் உத்தியோகம், குடிப்பழக்கம் கிடையாது. தாராவியில் பெண் பார்க்க வீட்டுக்கு வருவது சந்து முழுக்கத் தண்டோரா போடுவது மாதிரி. வந்தவர்கள் பிடிக்கவில்லை என்று போய்விட்டால் மறுநாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் தலை நிமிர முடியாது. அதனால் முதல் பார்வை பொது இடத்தில்தான். ஏதாவது ஹோட்டல், இல்லாவிட்டால் மால். பிடித்தால் மட்டும் அப்புறம் பூ பழத்தோடு வீட்டுக்கு வருவார்கள். டென்சிலின் அம்மா ஞானசௌந்தரி அதையும் மாற்றினாள்.

"ஹோட்டல்ல உக்காந்து ஆளுக்கொரு காபி குடிச்சா என்ன தெரியும்? தானே ஸ்டேஷன் தாண்டி ஒரு ஏரி இருக்கு. எங்க வாக்கிங் குரூப்போட நான் போற எடம்தான். ஃபாரஸ்ட்காரங்க நல்லாப் பாதை போட்டிருக்காங்க. ஈசி டிரெயில். பேசிக்கிட்டே நடந்தா மனுசங்க குணம் தெரிஞ்சிரும்லா."

போனை வைத்ததும் ஏஞ்சலம்மாள் கணக்குப் போட்டாள். யாரோ காலைப் பற்றி ஊதிவிட்டார்கள், நடக்கவிட்டுப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள். ஷைனிக்கும் அது புரிந்தது. "அப்ப சொல்லிருவோம்மா. எதுக்கு இந்தக் கூத்து?" என்றாள். "சொன்னா இன்னைக்கே முடிஞ்சிரும். ஒரு நாளு நடந்து காட்டுட்டி. ஒரே ஒரு நாளு" என்று ஏஞ்சலம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கெஞ்சி அழுகிற அம்மாவிடம் எந்தப் பிள்ளை தப்பித்திருக்கிறது?

கழிப்பறையை விட்டு வெளியே வந்தபோது ஞானசௌந்தரி டிக்கெட் வாங்கிவிட்டு நின்றிருந்தாள். அறுபது வயது இருக்கும். சுடிதார், தலையில் தொப்பி, காலில் வெள்ளை ஷூ. பக்கத்தில் டென்சில், வழுக்கை விழ ஆரம்பித்த சாதுவான முகத்தோடு, கழுத்தில் பெரிய கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு. அவன் பார்வை ஷைனியின் முகத்துக்குப் போய், பட்டென்று அம்மாவிடம் திரும்பியது. வாசலில் வனத்துறையின் பலகை இருந்தது. மூன்று பாதைகள், மூன்று நிறக் காலடிகள். பச்சைக் காலடிக்குக் கீழே மராத்தியில் எழுதியிருந்ததை டென்சில் சத்தமாக வாசித்துத் தமிழில் சொன்னான்: ஏரியைச் சுற்றிச் சுலபமான நடை, வயசானவர்களும் குழந்தைகளும் போகலாம்.

"பாத்தீங்களா, நமக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு" என்றாள் ஞானசௌந்தரி.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. தை மாதத்துக் குளிர் இன்னும் மரத்தடியில் மிச்சமிருந்தது. பாதைக்கு இரண்டு பக்கமும் தேக்கு. கீழே காய்ந்த இலைகள் அப்பளம் மாதிரி நொறுங்கின. ஒரு பெரிய கருமூஞ்சிக் குரங்கு கிளையில் வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, நடந்துபோகிற கூட்டத்தை, தானும் பெண் பார்க்க வந்த மாதிரி மேலிருந்து கீழாகப் பார்த்தது. டென்சிலும் ஷைனியும் முன்னால் போனார்கள். அம்மாமார் இருவரும் பின்னால். அப்படி நடக்கவேண்டும் என்று ஞானசௌந்தரிதான் சொன்னாள். ஏஞ்சலம்மாள் மரத்தையும் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. சந்தன நிறச் சேலைக் கரைக்குக் கீழே போய்ப் போய் வருகிற அந்த இடது குதிகாலையே பார்த்துக்கொண்டு நடந்தாள். பக்கத்தில் ஞானசௌந்தரி கையை வீசி வீசி நடந்தாள். அவளுக்கு மூச்சு வாங்குகிற சத்தமே இல்லை.

"டென்சில் அப்பாவப் பத்தி அமிர்தநாதன் சொல்லியிருப்பாரே?"

"படுக்கையில இருக்காவன்னு சொன்னாருக்கா."

"ஸ்ட்ரோக் வந்ததுலருந்து அப்படித்தான். ஆளு நல்ல வெயிட்டு. திருப்பிப் போடணும், தூக்கி உக்கார வைக்கணும், எல்லாம் ஆளு வேணும். நர்ஸு வச்சுப் பாத்தேன், ஒருத்தியும் நிக்கல. மூத்த மருமவ வந்தா. தெனமும் ஒரு பொலம்பல். முதுகு வலிக்கி, தோளு வலிக்கின்னு. கடைசில எம்மூத்த மவனையும் கூட்டிட்டு டோம்பிவிலி போயிட்டா." ஞானசௌந்தரி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். "வலி யாருக்குத்தான் இல்ல, சொல்லுங்க?"

"ஆமாக்கா" என்றாள் ஏஞ்சலம்மாள். சொன்னது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. அங்கே பாதை மாறிக்கொண்டிருந்தது.

சிமெண்டும் செம்மண்ணுமாக இருந்த வழி முடிந்து, மழையில் அரித்துப்போன கல்லும் வேருமாக ஆகிவிட்டது. வயசானவர்களும் குழந்தைகளும் போகலாம்தான். எதிரே ஒரு சின்னப் பெண் குதித்துக்கொண்டே வந்தது. ஆனால் மொசைக் தரையில் ஒத்திகை பார்த்த செருப்புக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும்? உயர்த்தி வைத்த அந்த இடது பக்கம் ஒவ்வொரு கல்லிலும் உருண்டது. கோயில் தரைக்கு அளவெடுத்து, காட்டுப் பாதைக்குப் போட்டுக்கொண்டு வந்த தன் புத்தியை ஏஞ்சலம்மாள் மனதுக்குள் செருப்பாலேயே அடித்தாள். ஷைனியின் தோள் முதல்முறையாகச் சாய்ந்தது. சட்டென்று நிமிர்ந்துகொண்டாள். இன்னொரு முறை சாய்ந்தது. கழுத்துக்குப் பின்னால் வேர்வை ஓடி ரவிக்கைக்குள் இறங்கியது.

டென்சில் நின்றான். கேமராவை விட்டுவிட்டு அவள் காலைப் பார்த்தான். கெட்ட பையன் இல்லை அவன். குரலைத் தணித்துத்தான் கேட்டான்.

"பைர்ல... கால்ல ஏதாச்சும் பிராப்ளமா? உக்காரணுமா?"

ஷைனி அவனை நேராகப் பார்த்தாள். அந்த முகத்தை ஏஞ்சலம்மாளுக்குத் தெரியும். சின்ன வயதில் காசு திருடிவிட்டு, அடி விழுந்தாலும் பரவாயில்லை என்று தானே வந்து சொல்லுவாளே, அந்த முகம். உதடு பிரிந்துவிட்டது. அவ்வளவுதான், இன்னும் ஒரு வார்த்தையில் எல்லாம் போய்விடும்.

ஏஞ்சலம்மாள் விழுந்தாள். வேண்டுமென்றே, முகம் குப்புற, கல்லின் மேல் இரண்டு முழங்காலும் மோத, "ஐயோ யேசப்பா" என்று கத்திக்கொண்டு விழுந்தாள். எல்லோரும் ஓடிவந்தார்கள். ஷைனிதான் முதலில் குனிந்தாள். தூக்க நீட்டிய கையை ஏஞ்சலம்மாள் நகம் பதியப் பிடித்து, காதருகே இழுத்து, மூச்சுக் காற்றிலேயே சொன்னாள்.

"வாயத் தொறந்த, வீட்டுக்குப் போயி என் பொணத்தத்தான் பாப்ப."

ஷைனி அம்மாவைத் தூக்கி நிறுத்தினாள். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். ஞானசௌந்தரி சிரித்துக்கொண்டே, "அம்மைக்குத்தான் காலு நிக்க மாட்டேங்கு. பொண்ணு பரவால்ல" என்றாள்.

அதற்குப் பிறகு ஷைனி சாயவில்லை. ஏஞ்சலம்மாள் பார்த்துக்கொண்டே வந்தாள். மரப்பாலம் வந்தது, ஏறி இறங்கினாள். தண்ணீரோரம் படிக்கட்டு வந்தது, நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்ததை டென்சில் காட்டியபோது நின்று, பார்த்து, "அழகா இருக்கு" என்றாள். அந்தக் கால் தன்னுடையது இல்லை, யாரோ கொடுத்து வைத்த சாமான், அதைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான் என்கிற மாதிரி நடந்தாள். அணைக்கரை வந்தது. நேரான, நீளமான சிமெண்டுக் கரை; ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சரிவு, நிழலே இல்லை. வெயில் ஏறிவிட்டிருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் ஏஞ்சலம்மாள் கண்டாள், சந்தன நிறச் சேலையின் கரையில் பழுப்பாக ஒரு கறை. செருப்பு வார் குதிகாலை அறுத்திருந்தது. ஞானசௌந்தரி பார்த்துவிடக்கூடாதே என்று அவளைத் தண்ணீர்ப் பக்கமாக ஒதுக்கிவிட்டு, மகளின் காலை மறைத்து நடந்தாள். பிள்ளைக்கு வலிக்குமே என்று அப்புறம்தான் தோன்றியது. எது முதலில் தோன்றியது என்பதை அவள் மட்டும் அறிவாள், அதை அவள் சாகிற வரை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

கரையின் பாதியில் ஓடு வேய்ந்த ஒரு மண்டபமும் சிமெண்டுப் பெஞ்சுகளும் இருந்தன. ஷைனி உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தூணில் சாய்ந்து நின்றாள். முகம் வெளுத்து மேலுதடு முழுக்க வேர்த்திருந்தது. ஞானசௌந்தரி உட்கார்ந்து, ஏஞ்சலம்மாளின் பையைத் தானே இழுத்துத் திறந்து, டப்பாவிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தாள். வாசலில் நீட்டியபோது "அப்புறம்" என்று தள்ளியவள்தான். சம்பந்தம் பிடிக்காமல் கை நனைக்கமாட்டார்கள் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும். ஏஞ்சலம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எங்களுக்குச் சம்மதம், மைனி" என்றாள் ஞானசௌந்தரி, வாயில் மாவோடு. இதுவரைக்கும் 'நீங்க' என்று கூப்பிட்டவள் ஒரே கடியில் மைனி என்று சம்பந்தியாக்கிவிட்டாள். "காலு விசயத்த அமிர்தநாதன் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு. கம்பி வச்சது, கொஞ்சம் குட்டையா இருக்கது, எல்லாம்."

டென்சில் கேமராவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரியும் என்பது அந்தக் குனிந்த தலையிலேயே இருந்தது.

"தெரிஞ்சேவா ஆன்ட்டி நடக்க விட்டீங்க?" ஷைனி கேட்டாள்.

"தெரிஞ்சதுனாலதாம்மா." ஞானசௌந்தரியின் குரலில் கோபமே இல்லை, பாராட்டுதான் இருந்தது. "காலப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? அத எக்ஸ்ரேல பாத்துக்கலாம். வலிச்சா நீ என்ன செய்யுதன்னு பாக்கணும்னு இருந்தேன். மூத்தவ மாதிரி இன்னொருத்தி எனக்கு வேண்டாம். அந்தக் கல்லுப் பாதைல நீ ஒக்காந்துருவன்னுதான் நெனச்சேன். ஒரு சத்தம் வரல பாரு! இந்தப் பொறுமை எங்க கெடைக்கும்? எங்க வீட்டுக்குன்னே கர்த்தர் வளத்து வச்ச பிள்ள, மைனி."

சம்மதம் என்கிற சொல் முதலில் ஏஞ்சலம்மாளைக் குளிப்பாட்டிவிட்டிருந்தது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. மூன்று வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக மற்றச் சொற்கள் உள்ளே வந்தன. வெயிட்டான ஆள். திருப்பிப் போடணும். ஒருத்தியும் நிக்கல. அந்தக் காலோடு, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், தன் மகள் குனிந்து ஒரு பெரிய உடம்பைப் புரட்டுவது கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. இப்போது வேண்டாம் என்று சொல்லலாம். ஒரே ஒரு சொல். இந்தப் பிள்ளைக்கு நான் இருக்கிறேன் என்று எழுந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். ஷைனி தூணில் சாய்ந்தபடியே அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் எதுவும் இல்லை. என்ன சொல்லப்போகிறாய் என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தாள், அவ்வளவுதான். ஏஞ்சலம்மாள் வாயைத் திறந்தாள்.

"எங்களுக்கும் சந்தோசம் மைனி" என்றாள்.

ஷைனி பார்வையை எடுத்துத் தண்ணீர் மேல் வைத்தாள்.

அப்போது கரையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேட்டரி வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. வயதானவர்களை வாசல்வரை கொண்டுவிடுகிற வனத்துறை வண்டி. முன்பே ஒரு குஜராத்திக் குடும்பம் ஏறியிருந்தது. மூன்று இடம் இருக்கிறது என்றான் டிரைவர்.

"டென்சில், நீ ஏறு. கார எடுத்து வாசல்ல கொண்டாரணும்லா. மைனி, நீங்களும் வாங்க, தேதி பேசணும், முழங்கால வேற ஒடச்சிக்கிட்டீங்க." ஞானசௌந்தரி டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "ஷைனி மெல்ல நடந்து வரட்டும். இனி அவ யாருகிட்ட மறைக்கணும்?"

டென்சில் ஒரு கணம் தயங்கினான். அம்மாவைப் பார்த்தான். பிறகு ஏறினான்.

"நான் இவகூட நடந்து..." என்று ஏஞ்சலம்மாள் இழுத்தாள். அந்த இழுப்பிலேயே அது நடக்காது என்பது தெரிந்தது. முதல் பேச்சிலேயே சம்பந்தியை எதிர்த்துப் பேசினால் என்ன நினைப்பார்கள்?

"நீ போம்மா" என்றாள் ஷைனி.

மீதியிருந்தது கடைசி இருக்கை ஒன்றுதான். அது பின்பக்கம் பார்த்து இருந்தது. ஏஞ்சலம்மாள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. ஷைனி தூணிலிருந்து கையை எடுத்து, வெயிலுக்குள் இறங்கி, கரையில் நடக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு எட்டுக்கும் அவள் தோள் ஒரு பக்கமாகக் கீழே போய் மேலே வந்தது.

"லெந்து நோன்பு ஆரம்பிக்கதுக்கு முந்தி வச்சிருவோமா, மைனி?" முன்னாலிருந்து ஞானசௌந்தரி கேட்டாள்.

"வச்சிரலாம்."

டிரைவர் கண்ணாடியில் பார்த்திருக்கவேண்டும். வண்டியை மெதுவாக்கினான். "ருக்கூ க்யா, மாவ்ஷி? லட்கீ பீச்சே ரஹ் கயீ." நிறுத்தட்டுமா, பெண் பின்னால் நின்றுபோய்விட்டாளே என்று இந்தியில் கேட்டான்.

ஞானசௌந்தரி திரும்பிப் பார்த்தாள். டென்சிலும் பார்த்தான். ஏஞ்சலம்மாள் பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நை" என்றாள். "சலோ."

வண்டி வேகமெடுத்தது. அந்த நீளமான வெள்ளைக் கரையில், நிழல் இல்லாத வெயிலில், சந்தன நிறச் சேலை சாய்ந்து நிமிர்ந்து, சாய்ந்து நிமிர்ந்து, ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருப்பது போலச் சிறிதாகிக்கொண்டே வந்தது. வளைவில் தேக்குமரங்கள் வந்து மறைத்த பிறகும் ஏஞ்சலம்மாளின் தலை, யாரும் சொல்லாமலே, அதே கணக்கில் ஒரு பக்கம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.